மூச்சை அளந்த கருவிகள்: எண்களுக்குள் ஒளிந்திருக்கும் நிறம்

1

'மனுஷன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லாது' என்று நம்மூரில் சொல்வதுண்டு. மருத்துவமனைக்குள் டிஜிட்டல் கருவிகள் நுழைந்த வரலாற்றை எழுதுபவர்களும் பெரும்பாலும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமான மொழியில் சொல்லி வருகிறார்கள். டாக்டரின் ஊகம் போய் எண் வந்தது. விருப்புவெறுப்பு போய்ப் புறவயத்தன்மை வந்தது என்பது அந்தக் கதையாடல். மூச்சை அளக்கும் இரண்டு கருவிகளை முன்வைத்து இதைச் சோதித்துப் பார்ப்போம். ஒன்று, நுரையீரலிலிருந்து எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறது என்று அளக்கும் ஸ்பைரோமீட்டர். மற்றது, விரல்நுனியில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்.

2

1840களில் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஸ்பைரோமீட்டரை உருவாக்கினார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், கனவான்கள், ஏழைகள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்து 1846இல் முடிவுகளை வெளியிட்டார். ஆயுள் காப்பீட்டுக்கு இக்கருவி பயன்படும் என்ற எண்ணமும் அதன் பின்னால் இருந்தது. உடலை அறிவதும் உடலுக்கு விலைபோடுவதும் தொடக்கத்திலேயே கைகோத்துக்கொண்டன.

கருவி அட்லாண்டிக்கைக் கடந்தபோது அடிமை முறையின் கைகளில் சேர்ந்தது. அமெரிக்கத் தென்மாநிலத்து மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று 1851இல் பெயர்சூட்டி எழுதியவர். கறுப்பர்களின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையரைவிட இருபது சதவீதம் குறைவு என்றும், கட்டாய உழைப்புதான் அவர்களுக்கு ஆரோக்கியம் தரும் என்றும் வாதிட்டவரும் அவரே. உள்நாட்டுப் போர்க்காலப் படைவீரர்களின் அளவுகளைத் தொகுத்து பெஞ்சமின் கௌல்ட் 1869இல் வெளியிட்ட பெரும் அறிக்கை இந்த வேறுபாட்டுக்குப் புள்ளிவிவர அந்தஸ்து கொடுத்தது. அடிமையாய்க் கிடந்ததும் பட்டினி கிடந்ததும் அந்தக் கணக்கில் வரவில்லை. வாழ்நிலை உண்டாக்கிய குறை, இனத்தின் இயல்பாக எழுதப்பட்டது.

இது செத்துப்போன பழங்கதை அல்ல. இருபதாம் நூற்றாண்டில் ஸ்பைரோமீட்டர் கணினியோடு இணைந்தபோது இந்த 'வேறுபாடு' மென்பொருளுக்குள் குடியேறியது. கறுப்பர் என்று பதிந்தால் எதிர்பார்க்கப்படும் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைக்கப்படும். ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம். இதற்கு 'இனத் திருத்தம்' என்று பெயர். நடைமுறையில் இதன் பொருள் என்ன? இரண்டு பேர் ஒரே அளவு காற்றை ஊதுகிறார்கள். வெள்ளையருக்கு 'நுரையீரல் பாதிப்பு' என்று அறிக்கை வருகிறது. கறுப்பருக்கு 'இயல்பு' என்று வருகிறது. 'உனக்கு அவ்வளவுதான் இருக்கும், போ' என்று மிஷின் சொல்லிவிடுகிறது. நஷ்டஈடு கேட்டு நிற்கும் தொழிலாளிக்கு இது வயிற்றுப் பிரச்சினை. 1999இல் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, கறுப்பினத் தொழிலாளர்கள் கூடுதல் பாதிப்பைக் காட்டினால்தான் இழப்பீடு கோரலாம் என்று இந்தத் திருத்தத்தைக் காட்டியே வாதிட்டது. லண்டி பிரவுன் 2014இல் வெளியிட்ட நூல் இந்த வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் இனம் பார்க்காத பொது அளவுகோலைப் பரிந்துரைக்க 2023 வரை ஆயிற்று.

3

பல்ஸ் ஆக்சிமீட்டரின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் இதன் அடிப்படையைக் கண்டார். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உடலினூடே செலுத்தி, நாடித்துடிப்போடு ஏறியிறங்கும் பகுதியை மட்டும் பிரித்தால் தமனி ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடலாம். 1980களில் இது அறுவைக்கூடங்களுக்குள் நுழைந்து மயக்க மருந்துச் சாவுகள் குறித்த அச்சத்தைத் தணித்தது. இது மகத்தான சாதனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் கருவி ஆக்சிஜனை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒளியின் விகிதத்தைத்தான் பார்க்கிறது. அந்த விகிதத்தை எண்ணாக மாற்றும் அட்டவணை, ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்துத் தயாரிக்கப்படுவது. அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலினர். கருந்தோலின் மெலனின் ஒளியை உறிஞ்சும்போது கணக்கு பிசகுகிறது. ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகத் திரையில் காட்டிவிடுகிறது.

யாருக்கும் தெரியாமல் நடந்ததா இது? 1970களில் ஹியூலெட்-பேக்கார்ட் தயாரித்த காது ஆக்சிமீட்டர் எட்டு அலைநீளங்களைப் பயன்படுத்தியது. தோல்நிற வேறுபாட்டைச் சமாளிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கனமானது, விலை கூடியது. சந்தையில் இரண்டு அலைநீளக் கருவிதான் வென்றது. கறுப்பின நோயாளிகளிடம் பிழை கூடுதலாக இருப்பதை ஜுப்ரான், டோபின் என்ற மருத்துவர்கள் 1990இலேயே எழுதினார்கள். 2005இலும் ஆய்வு வந்தது. ஒண்ணும் நடக்கவில்லை.

கொரோனா வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட விவரம் இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தத்தின் உண்மையான அளவு 88க்குக் கீழே கிடந்தது கறுப்பர்களிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். இத்தகைய பிழையால் கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகள் கொரோனா சிகிச்சைக்கு உரியவர்களாக அடையாளம் காணப்படுவதே தாமதமானது என்று 2022இல் மற்றோர் ஆய்வு காட்டியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 பிப்ரவரியில் எச்சரிக்கை விடுத்தது. சோதனையில் பல்வேறு தோல்நிறத்தினரைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லும் வரைவு நெறிமுறை 2025 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை நடப்பிலிருந்த 2013ஆம் ஆண்டு நெறிமுறைக்குக் கருந்தோலினர் இருவர் இருந்தாலே போதுமானதாயிருந்தது.

4

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நிறத்துக்கு வேலையே இல்லாத நுரையீரலில் நிறத்தைத் தேடிக் கண்டுபிடித்தது முதல் கருவி. நிறம் உண்மையிலேயே குறுக்கிடும் இடத்தில் அதைக் காணாமல் விட்டது இரண்டாவது. ஒன்றில் மிகையான பார்வை, மற்றதில் குருட்டுத்தனம். இரண்டிலும் இழந்தவர்கள் ஒரே மக்கள். ஆகவே 'இனத்தைக் கணக்கில் எடுக்காதே' என்றோ 'எடு' என்றோ ஒற்றை வாய்பாடு சொல்லித் தப்பிக்க முடியாது. யாருடைய உடல் இயல்பாக வைக்கப்பட்டது, விலகல் என்று யாருடையது எழுதப்பட்டது என்பதே கேள்வி. திருத்தத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. நேற்றுவரை 'இயல்பு' என்றிருந்தவர் இன்று 'நோயாளி' என்றானால் நஷ்டஈடு கிடைக்கலாம். வேலை போகவும் செய்யலாம். எண்ணைக் கையில் வைத்து முடிவெடுப்பவர் யார் என்பதையும் பேசியாக வேண்டும்.

நமக்கு இதில் என்ன? 'ஆசியர்' என்ற பெட்டிக்குள் நாமும்தான் அடைக்கப்பட்டோம். 2021இன் இரண்டாம் அலையில் 94 என்ற எண்ணைப் பார்த்துத்தான் இந்தியாவில் வீட்டில் இருப்பதா, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா என்று தீர்மானித்தோம். கருந்தோல் பெரும்பான்மையாய் உள்ள மண்ணில், அந்த எண் யாருடைய விரலில் சரிபார்க்கப்பட்டது என்று எத்தனை பேர் கேட்டோம்? இன்று இதே எண்கள் மின்னணு மருத்துவப் பதிவேடுகளில் சேர்கின்றன. அவற்றைப் படித்துத்தான் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் நோயைக் கணிக்கப் பழகுகின்றன. பழைய பிழை புதிய இயந்திரத்துக்குப் பாலபாடமாகிறது.

கருவிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆக்சிமீட்டர் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அரசு மருத்துவமனைக்கு ஒரு கருவியை வாங்கும்போது, எந்த உடல்களில் இது சோதிக்கப்பட்டது என்ற விவரத்தை வெளியிடச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. விலையையும் உத்தரவாதக் காலத்தையும் கேட்கிற டெண்டரில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.