சோழர் அணிகலன்: திரையும் கல்வெட்டும்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்', மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. குந்தவை, நந்தினி அணிந்த நகைகளின் சாயலில் செய்தவை 'சோழர் பாணி' என்ற பெயரில் கடைகளுக்கும் வந்தன.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசனும் தமக்கை குந்தவையும் அளித்த நகைகளை, பொன்னின் எடை, முத்துக்களின் எண்ணிக்கையோடு விவரிக்கின்றன. ஆனால் அவை இறைத்திருமேனிகளுக்கு உரியவை. கருவறையைச் சுற்றியுள்ள ஓவியங்களில் ஆடும் மகளிர்க்கோ தைத்த ரவிக்கை இல்லை. நாம் சோழர் ஒப்பனை எனக் கொண்டாடுவது பெரிதும் நம் காலத்துக் கற்பனையே.

அதே கோயிற் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலும் உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். சோழர் காலப் பெண்களைத் தேடும் நாம் முதலில் வாசிக்க வேண்டியவை அப்பெயர்களே.