கருவி பழுதானால் யார் செப்பனிடுவார்?

துப்பாக்கியின்மேல் பொருத்தப்பெறும் சிறு தொலைநோக்கியைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். அதனுள் கண் வைத்தால் நடுவே சிலுவைபோல் இரு கோடுகள் தெரியும். சுட்ட அதிர்ச்சியில் அக்கோடுகள் மயிரிழையளவு இடம் பெயர்ந்தாலும் கருவி பயனற்றதாகிவிடும். நில அளவையாளரின் கோணமானியிலும் இதே கோடுகள் உண்டு. முன்னாளில் அவற்றைச் சிலந்தி நூலால் அமைத்தனர். நம் நாட்டில் இத்தொழில் வேரூன்றிய வரலாற்றைப் போர்க்களத்தில் தேடுவதைவிட நில அளவையில் தேடுவதே பொருந்தும்.

ஒரு காலத்தில் நல்ல தொலைநோக்கி வேண்டுமாயின் ஐரோப்பாவையே நோக்க வேண்டியிருந்தது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண லெ ஜாந்தீ என்னும் பிரெஞ்சு வானியலார் 1768இல் நம் புதுவைக்கு வந்தார். 1761இல் இந்நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயரே சென்னையிலிருந்து அவருக்குச் சிறந்த தொலைநோக்கியொன்றை அனுப்பி உதவினர். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை முகில் சூழ்ந்து அவர் ஒன்றும் காணாது போனமை வேறு கதை. கருவிமீது குற்றமில்லை!

வாங்கிய கருவி உடைந்தால் என் செய்வது? இவ்வினா 1808இல் தஞ்சையில் எழுந்தது. கர்னல் லாம்டன் 1802இல் பரங்கிமலையருகே தொடங்கிய பெரும் அளவைக்கு இலண்டன் கேரி என்பவர் செய்த கோணமானி பயன்பட்டது. எடை ஏறத்தாழ அரை டன். அதன் பித்தளை வட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம். அதனைப் பெரிய கோயிலின் கோபுரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. கோணத்தில் ஒரு விகலை, அதாவது பாகையில் 3,600இல் ஒரு பங்கு, பிழைத்தாலும் முப்பது மைல் தொலைவில் அது ஒன்பது அங்குலப் பிழையாகும். நெளிந்த வட்டத்தை வைத்துக்கொண்டு யாது செய்ய இயலும்? செய்தவரோ கடல்களுக்கு அப்பால் இருந்தார். லாம்டன் தலைமைக் கம்மியரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு கூடாரத்தினுள் புகுந்தார். பலகையொன்றில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு உலோகத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, ஆறு வாரங்களில் ஏறக்குறைய பழைய வடிவுக்கே கொணர்ந்தார். அக்கம்மியர் யாவர்? அவர்தம் பெயர்கள் இக்கதையில் வழங்கவில்லை. அதுவே எனக்கு ஆற்றாமை.

ஆனால், அடுத்த தலைமுறையில் ஒரு பெயர் நின்றது: சையத் மீர் மொஹ்சின் உசேன். ஆர்க்காட்டைச் சேர்ந்த இவர் சென்னையில் நகை வணிகர் ஒருவரிடம் பணியாற்றியவர். நில அளவைத் தலைவர் பிளாக்கர் 1824இல் இவரது கைத்திறம் அறிந்து கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். 1830இல் அங்கே கணிதக் கருவி அலுவலகம் தோன்றியபோது அதன் தலைமை இலண்டனிலிருந்து வந்த ஹென்றி பாரோவிடம் இருந்தது. பாரோ விலகியபின் பெருங்கருவிகளின் வட்டங்களில் பாகைக் கோடுகளைப் புதிதாக இடும் நுண்பணி மொஹ்சினிடம் வந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரை அப்பதவியில் அமர்த்தலாமா எனத் தயங்கினர். எவரெஸ்டு அவருக்காக வாதாடினார். 1843இல் பதவி கிடைத்தது. ஊதியம் மட்டும் பாரோ பெற்றதினும் குறைவு! பாகைக் கோட்டை வகுக்கும் கைக்கு ஆங்கிலம் எதற்கென்று அன்றே ஒருவர் கேட்டிருக்கலாம்.

அவ்வலுவலகத்தின் ஒரு பகுதி இரண்டாம் உலகப்போரின்போது, 1943இல், டேராடூனுக்குப் பெயர்ந்து படைக்கலத் தொழிற்சாலையாயிற்று. கல்கத்தாவில் எஞ்சிய பிரிவு 1957இல் தேசியக் கருவி நிறுவனமாக உருப்பெற்றது. டேராடூன் தொழிற்சாலை 2021 முதல் இந்தியா ஆப்டெல் என்னும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்தது. துப்பாக்கிக்கும் பீரங்கி வண்டிக்கும் உரிய தொலைநோக்கிகள் அங்கே உருவாகின்றன.