ஒரே கடல்! இருவேறு நீதி!

1793ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பால்டிமோர் துறைமுகத்திலே கப்பற் கூட்டமொன்று வந்து நின்றது. பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடாயிருந்த சான் தொமிங்கிலிருந்து, அதாவது இன்று ஹைத்தி என்று நாம் அழைக்கும் நாட்டிலிருந்து, உயிர்தப்பி ஓடி வந்தோர் அக்கப்பல்களில் இருந்தனர். ஊர் திரண்டது. உணவளித்தனர், உறைவிடம் தந்தனர், நன்கொடை திரட்டினர். மறு ஆண்டு அமெரிக்கக் காங்கிரசே முன்வந்து, அவர்தம் துயர் துடைக்க 15,000 டாலர் ஒதுக்கிச் சட்டம் செய்தது.

ஓடி வந்தோர் யார்? பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துச் சொந்தக்காரர். அடிமைகளை வாங்கி வேலை வாங்கிய சீமான்கள். யாருக்கு அஞ்சி ஓடினர்? யாமும் மனிதரே என்று 1791இல் எழுந்து நின்ற அடிமைகளுக்கு அஞ்சி! ஓடும்போதுகூடச் சிலர் தம் அடிமைகளை உடன் இழுத்துக்கொண்டு ஓடினர். அகதிக்குரிய அன்பு அன்று ஆண்டைக்குக் கிடைத்தது. அந்த அடிமையின் வழிவந்தவன் பிற்காலத்தில் அதே கடலைக் கடந்து அதே கரையை நாடியபோது அவனுக்குக் கிடைத்தது என்ன? அதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

பள்ளியிலே வரலாறு கற்பிக்கும் நாம் நாள்தோறும் காண்கிறோம்: பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளை மாணவர் மூச்சு விடாமல் ஒப்புவிப்பர். அப்புரட்சியின் முழக்கத்தை மெய்யென்றே நம்பி, நெப்போலியன் ஏவிய படையையும் முறியடித்து, 1804 ஜனவரி முதல் நாள் விடுதலையை அறிவித்த கருப்பர் குடியரசைப் பற்றிக் கேட்டாலோ, விழிப்பர். பாடநூல் இடம் தந்தால் அல்லவா அவர்கள் படிக்க!

இடம் தரத்தக்க செய்திகள் இல்லையா? எத்தனையோ உண்டு. பெத்தியோன் தலைமையேற்ற குடியரசு 1816இல் வகுத்த அரசியல் சட்டத்தின் 44ஆம் பிரிவு, ஆப்பிரிக்கரும் அமெரிக்கப் பழங்குடியினரும் அவர் வழித்தோன்றல்களும் எங்கிருந்து வந்து குடியேறினும் ஹைத்தியரே என்று உரைத்தது. ஓராண்டு வாழ்ந்தால் குடிமக்களின் உரிமையும் உண்டு என்றது. வெறும் ஏட்டுச் சுரைக்காயா அது? அன்று! 1817இல் ஜமைக்காவிலிருந்து தப்பி வந்த அடிமை மாலுமிகளைத் தேடிக்கொண்டு ஆண்டையே வந்து நின்றபோது, ஹைத்தி மண்ணை மிதித்தவரைத் திருப்பித் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார் பெத்தியோன். தென் அமெரிக்க விடுதலை வீரர் பொலிவார் தோற்று வந்து நின்றபோது, அவருக்குப் படைக்கலமும் கலமும் தந்து அனுப்பியவரும் அவரே. கைம்மாறாகக் கேட்டது ஒன்றுதான்: விடுவிக்கும் நாடுகளில் அடிமைகளையும் விடுவியுங்கள்!

வந்தோரை வாழவைத்த அந்த நாடு வறுமைக்காடானது எங்ஙனம்? 1825இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, 15 கோடி பிராங்கு தந்தால்தான் உங்கள் விடுதலையை ஏற்போம் என்றான். எதற்காக 15 கோடி? இழந்த தோட்டங்களுக்கும் இழந்த அடிமைகளுக்கும் ஈடாக! விடுதலை பெற்றவன் தன் உடலுக்கான விலையைத் தானே கட்டவேண்டுமாம். உலகில் இத்தகைய கணக்கை வேறெங்கும் நாம் கண்டதில்லை. 1838இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. ஆயினும் அதைக் கட்ட வாங்கிய கடனும், அதன் வழிவந்த கடனும் தீர்ந்தது 1947இல்தான். இடையில், 1915 முதல் 1934 வரை, அமெரிக்கப் படை அந்நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்தது. பின்னர் 1957 முதல் 1986 வரை துவாலியர் தந்தையும் மகனும் நடத்திய கொடுங்கோலாட்சி. நள்ளிரவில் கதவைத் தட்டும் அடியாட்படைக்கு அஞ்சி, 1970களில் மக்கள் மரப்படகுகளில் ஏறினர்.

படகில் வந்தோரிடம் அமெரிக்க அதிகாரிகள் கூறியது இது: நீங்கள் வயிற்றுக்காக வந்தவர்கள், அரசியல் அகதிகள் அல்லர்! 4,000க்கும் மேற்பட்டோரின் அடைக்கல விண்ணப்பங்களை அவசர கதியில் விசாரித்தனர். ஒருவருக்கேனும், ஒரே ஒருவருக்கேனும், அடைக்கலம் தரவில்லை. 1980இல் மயாமி நகர நீதிபதி ஜேம்ஸ் லாரன்ஸ் கிங், இது விசாரணையன்று, முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு நடத்திய வேலை என்று கண்டு அதனைச் செல்லாதாக்கினார். ஹைத்தியின் வறுமையே துவாலியர் ஆட்சியின் விளைவு, ஆதலின் வயிறு வேறு அரசியல் வேறு என்று பிரித்தல் பொருந்தாது என்பதையும் விளக்கினார். இவர்கள் கருப்பர் என்பதையும் அவர் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

அதே 1980இல் கியூபாவின் மரியல் துறையிலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் அமெரிக்கா வந்தனர். கியூபருக்கென 1966இலேயே தனிச்சட்டம் இருந்தது. சில காலம் தங்கினால் நிலையான வதிவுரிமை. கியூபரை வரவேற்றது தவறு என்று நாம் கூறோம். ஒரே கடலில், ஒரே வகைப் படகில் வந்த மற்றவன் செய்த குற்றம் யாது என்றே கேட்கிறோம். நீதிமன்றத்தில் தோற்ற அரசு, நீதிமன்றம் எட்டாத இடத்தைத் தேடிற்று. 1981 முதல் நடுக்கடலிலேயே படகுகளை மறித்தது. 1990 வரை மறிக்கப்பட்டோர் 22,940 பேர். அவருள் அடைக்கலம் கோரத் தகுதியுடையோர் என்று கருதப்பட்டோர் 11 பேர்!

1991 செப்டம்பரில், மக்கள் தேர்ந்தெடுத்த அரிஸ்தீதைப் படையினர் கவிழ்த்தனர். மீண்டும் படகுகள். 1992 மே மாதம், குடியரசுத் தலைவர் புஷ் அந்தப் பெயரளவு விசாரணையையும் நிறுத்தினார். தேர்தல் மேடையில் அதைக் கண்டித்த கிளின்டன், பதவியேற்றதும் அதையே தொடர்ந்தார். மேடைக்கும் நாற்காலிக்கும் உள்ள தொலைவு எந்நாட்டிலும் ஒன்றே போலும்! 1993இல் உச்சநீதிமன்றம், நாட்டெல்லைக்கு அப்பால் எமது சட்டம் செல்லாது என்று அரசின் பக்கம் நின்றது. ஒன்பதின்மருள் மாறுபட்டு நின்றவர் பிளாக்மன் ஒருவரே.

கடலில் நடந்தது கரையிலும் நடந்தது. 1997இல் நிக்கராகுவருக்கும் கியூபருக்கும் வதிவுரிமைச் சட்டம் இயற்றியபோது ஹைத்தியர் விடுபட்டனர். 1998இல்தான் அவர்க்கெனச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் வாழும் உறவினருடன் காத்திராமல் சேர்ந்து வாழும் திட்டம் கியூபக் குடும்பங்களுக்கு 2007இல். ஹைத்தியக் குடும்பங்களுக்கோ, 2010 நிலநடுக்கம் தலைநகரையே தரைமட்டமாக்கிய பின்னரும் ஐந்தாண்டு கழித்து, 2015இல்!

அந்நிலநடுக்கத்தை ஒட்டித் தந்த தற்காலிகப் பாதுகாப்பு, நீட்டிக்கப்பட்டும் புதிதாக வழங்கப்பட்டும் வந்தது. 2025இல் அதனை முடித்துவிடப் போவதாக அரசு அறிவித்தபோது, அதன் கீழ் வாழ்ந்தோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வழக்குகள் எழுந்தன. அவ்வாண்டுகளில் அங்குப் பிறந்த பிள்ளைகளோ, விடுதலையடைந்த அடிமைகளுக்காக 1868இல் சேர்த்த 14ஆம் திருத்தத்தின்படி அமெரிக்கக் குடிமக்கள். பிள்ளைக்கு அது தாய்நாடு. பெற்றவளுக்குக் கெடு வைத்த நாடு. கெடு தீர்ந்தால் அவள் பிள்ளையைப் பிரிந்து போவதா, ஆயுதக் கும்பல்கள் தலைநகரைப் பங்கு போட்டுக்கொண்ட ஊருக்கு அதனையும் அழைத்துச் செல்வதா? வேரூன்றிய அக்குடும்பங்களுக்கு நிலையான வதிவுரிமையும், புதிதாய்க் கரையேறும் ஒவ்வொருவருக்கும் நேர்மையான தனி விசாரணையும் வேண்டுமென்பதே ஹைத்தியரின் கோரிக்கை. 1794இல் ஆண்டைகளுக்குக் கிடைத்த 15,000 டாலரை அவர்கள் கேட்கவில்லை.