ஒற்றைத் தாளில் ஒரு வாழ்வு

1930-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், வட அமெரிக்காவில் பணியாற்றிய நோத்ருதாம் பள்ளிச் சகோதரியர் சபையின் தலைமை அன்னை, தம் பொறுப்பிலிருந்த கன்னியர் அனைவருக்கும் ஒரு மடல் விடுத்தார். ஒவ்வொரு சகோதரியும் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரவேண்டும். இருநூறு முதல் முந்நூறு சொற்களுக்கு மேற்படலாகாது. ஒற்றைத் தாளில் அது அடங்கவேண்டும். பிறந்த ஊர், பெற்றோர், குழந்தைப் பருவத்தில் நினைவில் நின்ற நிகழ்ச்சிகள், பயின்ற பள்ளிகள், துறவு வாழ்வுக்கு ஈர்த்த தூண்டுதல்கள் ஆகியவை இடம்பெறவேண்டும். மடலின் உட்பொருள் அவ்வளவே. அதன்பின் வந்த ஆண்டுகளில், இறுதி வார்த்தைப்பாட்டுக்கு ஆயத்தமான இளங்கன்னியர் தத்தமக்குரிய தாளை எழுதி ஒப்படைத்தனர். தாள்கள் மடத்து ஆவண அறையைச் சென்றடைந்தன. எழுதியவர்கள் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று, அரை நூற்றாண்டுக் காலம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் மறைக்கல்வியும் கற்பித்தனர். அத்தாள்களை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

இன்று 'நேர்மறை உளவியல்' என்று உலகெங்கும் பேசப்படும் துறையின் வரலாற்றில் இந்தத் தாள்களுக்கு ஒரு தனியிடம் உண்டு. மகிழ்ச்சி, நன்றியுணர்வு, நம்பிக்கை ஆகியவற்றை அறிவியல் முறையால் ஆராய்ந்து, அவற்றைக் கொண்டு மனிதன் தன்னை வளர்த்துக்கொள்ள இயலுமா என்று கேட்கும் அத்துறை, தன் சான்றுகளுள் ஒன்றைக் கன்னியர் மடத்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றைப் பொதுநிலையினராகிய நாம் அறிந்துகொள்வது நல்லது. நமக்குரிய செல்வம் ஒன்று பிறர் கைவழியே நம்மிடம் திரும்பி வரும்போது, அதனை அடையாளம் காணவேனும் நமக்குத் தெரியவேண்டுமன்றோ?

முதலில் அச்சபையைப் பற்றி ஒரு சொல். 1833-இல் பவேரிய நாட்டில், கரோலின் கெர்கார்டிங்கர் என்னும் ஆசிரியையால் தொடங்கப்பெற்றது அது. ஏழைச் சிறுமியர் கல்வியே அதன் நோக்கம். 1847-இல் அவர் சில சகோதரியருடன் கடல் கடந்து அமெரிக்கா சென்று, அங்கும் பள்ளிகளுக்கு வித்திட்டார். 1985-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1986-இல், டேவிட் ஸ்னோடன் என்னும் நோய்ப்பரவல் ஆய்வாளர், மினசோட்டா மாநிலத்து மாங்கேட்டோ நகரிலிருந்த அச்சபையின் இல்லத்தை நாடிச் சென்றார். முதுமையையும், நினைவை அழிக்கும் அல்சைமர் நோயையும் ஆராய்வது அவர் எண்ணம். கன்னியரை அவர் தேர்ந்ததற்குக் காரணம் பக்தியன்று; கணக்கு. வெளியுலகில் ஒருவர் நெடுநாள் வாழ்ந்தால், அதற்கு உணவு காரணமா, செல்வம் காரணமா, புகைக்காமை காரணமா, மருத்துவ வசதி காரணமா என்று பிரித்தறிவது அரிது. மடத்திலோ அனைவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே பந்தியில் உண்டு, ஒரே மணியோசைக்கு எழுந்தவர்கள். ஆகவே எஞ்சி நிற்கும் வேற்றுமைகளை ஆராய வழி பிறந்தது. பின்னர் பிற இல்லங்களும் இணைந்தன. மொத்தம் 678 சகோதரியர், ஆய்வில் சேர்ந்தபோது 75 முதல் 102 வயது வரையிலானோர், ஆண்டுதோறும் நினைவாற்றல் தேர்வுக்கு இசைந்தனர். அதுமட்டுமன்று, இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குக் கொடையாக அளிக்கவும் ஒப்பினர். வாழ்நாள் முழுவதும் கற்பித்தவர்கள், இறந்தபின்னும் கற்பிக்கத் துணிந்தனர் என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

அவர்களுள் ஒரு சகோதரி 101 வயதில் இறைவனடி சேர்ந்தார். இறுதிவரை அவருடைய அறிவுத் தெளிவு குன்றவில்லை. தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்தார். இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, அல்சைமர் நோய்க்குரிய படிவுகளும் முடிச்சுகளும் அதில் மிகுந்திருக்கக் கண்டனர். நோயின் தடயம் இருந்தது, நோயாளி இல்லை. இந்த வியப்புக்கு அறிவியல் இன்னும் முழு விடை காணவில்லை.

ஆவண அறையிலிருந்த பழைய தாள்கள் ஆய்வாளர் கண்ணில் பட்டன. மில்வாக்கி, பால்டிமோர் ஆகிய இரு நகரங்களின் இல்லங்களைச் சேர்ந்த 180 சகோதரியர், சராசரி 22 வயதில் எழுதியவை தனியே எடுக்கப்பட்டன. எழுதியவர் இன்னார், அவருக்கு நேர்ந்தது இன்னது என்று அறியாதவர்கள் அவற்றைப் படித்து, மகிழ்ச்சி, அன்பு, நன்றி, நம்பிக்கை, ஆர்வம் போன்ற உணர்வுகள் எத்தனை வாக்கியங்களில் வெளிப்படுகின்றன என்று எண்ணினர். பின்னர் அவ்வெண்ணிக்கையை எழுதியவர்களின் ஆயுளோடு ஒப்பிட்டனர். 2001-இல் முடிவு வெளியாயிற்று. அத்தகைய வாக்கியங்களை மிகக் குறைவாக எழுதிய கால் பங்கினருக்கு, மிகுதியாக எழுதிய கால் பங்கினரைக் காட்டிலும், முதுமையில் இறப்பு நேரும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. மகிழ்வு மிகுந்திருந்த கால் பங்கினருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 85 வயதைக் கடந்தனர் என்றும், மகிழ்வு குறைந்திருந்த கால் பங்கினருள் நூற்றுக்கு முப்பத்து நால்வரே கடந்தனர் என்றும், அடுத்த ஆண்டில் வெளிவந்த தம் நூலின் தொடக்கத்திலேயே எழுதினார் மார்ட்டின் செலிக்மன் என்னும் உளவியல் பேராசிரியர்.

செலிக்மன் வந்த வழி சுவையானது. 1960-களின் இறுதியில் அவர் ஆராய்ந்தது மகிழ்ச்சியையன்று, இயலாமையை. தப்ப வழியின்றி மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்கள், பின்னர்த் தப்ப வழி இருந்தும் படுத்தே கிடந்ததை அவரும் அவர்தம் தோழர்களும் கண்டனர். இயலாமை கற்றுக்கொள்ளப்படுகிறது என்பது அவர் துணிபு. அங்ஙனமாயின் நம்பிக்கையையும் கற்க இயலாதோ என்று எண்ணத் தலைப்பட்டார். தோட்டத்தில் களை பறிக்கும்போது விளையாடிக்கொண்டிருந்த தம் மகளைக் கடிந்துகொண்டதையும், அந்த ஐந்து வயதுச் சிறுமி, 'நான் சிணுங்குவதை என் பிறந்தநாளன்று விட்டுவிட்டேன். நீங்களும் சிடுசிடுப்பதை விடலாமே' என்னும் கருத்துப்படப் பதில் கூறியதையும் அவரே எழுதியிருக்கிறார். 1998-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவரான அவர், உளவியல் நோயைப் போக்கினால் மட்டும் போதாது, நிறைவாழ்வையும் ஆராயவேண்டும் என்று அறைகூவினார். நேர்மறை உளவியல் துறையாக உருப்பெற்றது அவ்வாண்டில்தான்.

அத்துறை பரிந்துரைக்கும் பயிற்சிகளைப் பார்க்கும்போது நம்மையறியாமல் புன்முறுவல் பூக்கிறோம். 2003-இல் எமன்ஸ், மக்கல்லோ என்னும் இருவர், நன்றி கூறத்தக்க ஐந்து காரியங்களை வாரந்தோறும் எழுதச் செய்து, எழுதியவர்கள் மனநிறைவு கூடியதைக் கண்டனர். 2005-இல் செலிக்மனும் தோழர்களும், ஒவ்வோர் இரவும் அன்று நிகழ்ந்த மூன்று நல்ல காரியங்களையும் அவற்றின் காரணங்களையும் எழுதும் பயிற்சியை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தனர். அதன் பயன் ஆறு திங்கள் கழித்தும் காணப்பட்டது.

இரவில் அமர்ந்து அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது நமக்குப் புதிதா? 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், புனித இஞ்ஞாசியார் ஆன்மசோதனைக்கு ஐந்து படிகள் வகுத்துள்ளார். பாவத்தைத் தேடுவது முதற்படியன்று. பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவதே முதற்படி. தன்னை அறியும் அருளை வேண்டுவது இரண்டாவது, அதன்பின்னரே நாளின் கணக்கு, பிறகு மன்னிப்பு, ஈற்றில் திருந்தும் உறுதி. நம்மில் பலர் சிறுவயதில் கற்றது மூன்றாம் படியையும் நான்காம் படியையும் மட்டுமே என்பது வருந்தத்தக்க உண்மை. பாவப் பட்டியலோடு தொடங்கிப் பாவப் பட்டியலோடு முடித்தோம். முதற்படியை நமக்கு நினைவூட்ட உளவியல் பேராசிரியர்கள் வரவேண்டியதாயிற்று!

இஞ்ஞாசியாரும் ஆய்வாளரே. 1521-இல் பாம்பலூனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, அவர் தம் உள்ளத்தையே ஆய்வுக்கூடமாக்கினார். வீரச் செயல்களையும் உயர்குலப் பெண்ணொருத்தியையும் எண்ணியபோது இன்பம் பிறந்தது; எண்ணி முடித்தபின் வறட்சி மிஞ்சிற்று. புனிதர்களைப்போல் வாழ எண்ணியபோதும் இன்பம் பிறந்தது; ஆனால் அது பின்னரும் நிலைத்தது. இந்த வேற்றுமையைக் கூர்ந்து நோக்கியதிலிருந்தே அவருடைய தெளிந்து தேர்தல் முறை வளர்ந்தது. இன்பம் எவ்வளவு என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அது எங்கிருந்து வந்தது, எங்கே கொண்டுசெல்கிறது என்று கேட்டார். இன்றைய ஆய்வாளரினும் அவர் ஓரடி முன்னே நிற்பதாக நமக்குத் தோன்றுவது இங்கேதான்.

இன்னொன்றும் காண்க. 2004-இல் பீட்டர்சனும் செலிக்மனும் பல சமய, மெய்யியல் மரபுகளை ஆராய்ந்து, அறிவு, துணிவு, மனிதநேயம், நீதி, தன்னடக்கம், மீயுயர்நிலை என்னும் ஆறு நற்பண்புகளையும் அவற்றின்கீழ் 24 குணநலன்களையும் தொகுத்தனர். புனித அக்குவினா தோமாவின் நூல்களைப் பயின்றவர்க்கு, முன்மதி, நீதி, துணிவு, அளவுடைமை என்னும் நான்கும் அதில் தெரியும். நம்பிக்கையும் அன்பும்கூட அப்பட்டியலில் உள்ளன. ஆயினும் தோமா, இறைசார்ந்த நற்பண்புகள் பயிற்சியால் ஈட்டப்படுவன அல்ல, கொடையாக அருளப்படுவன என்பார். பட்டியல் ஒன்றுபோல் இருப்பினும் வேர் வேறு.

இனி நம் ஐயத்தைச் சொல்லவேண்டும். 'நன்றி கூறுங்கள், ஆயுள் நீளும்' என்று இன்று எளிதாகக் கூறிவிடுகிறார்கள். அந்த 180 சகோதரியரின் ஆய்வு அவ்வாறு கூறவில்லை. இளமையில் மகிழ்வாக எழுதியோர் நெடிது வாழ்ந்தனர் என்பதே கண்டறியப்பட்டது. மகிழ்ச்சிதான் ஆயுளை நீட்டிற்று என்று அதனால் மெய்ப்பிக்க இயலாது. நல்ல உடற்கட்டோடு பிறந்தவர் மகிழ்வாகவும் எழுதியிருக்கலாம். தவிரவும், அத்தாள்களில் துயரச் சொற்கள் மிகக் குறைவு. வேற்றுமை பெரும்பாலும், மகிழ்வு ததும்ப எழுதியவருக்கும் உணர்வு காட்டாமல் செய்தியை மட்டும் எழுதியவருக்கும் இடையே இருந்தது. எனவே, அழுதவர்கள் விரைவில் இறந்தனர் என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை. திருப்பாடல்களில் மிகப் பல புலம்பல்களே. திருச்சபை அவற்றை நாள்தோறும் செபிக்கிறது.

கல்கத்தாவின் அன்னை தெரேசா 1997-இல் மறைந்தார், வயது 87. அவருடைய மடல்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளம் இறைவனை உணரவியலாத இருளில் கிடந்ததை உலகம் அறிந்தது. அந்த இருளோடுதான் அவர் புன்னகைத்தார், தொழுநோயாளரைத் தொட்டார். ஒரு வாழ்வைக் கொண்டு கணக்கை மறுக்க இயலாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் உணர்ந்த மகிழ்ச்சியை எண்ணும் எந்த அளவுகோலும், அவருக்கு என்ன மதிப்பெண் தருவது என்று திகைக்கும்.

இக்கதையைப் படித்த நாங்கள், எங்கள் அன்பியத்தில், ஒரு தவக்கால வெள்ளியன்று, அச்சகோதரியர் எழுதியதுபோலவே ஒற்றைத் தாளில் எழுதிப் பார்த்தோம். ஆளுக்கொரு தாள், சிலுவைப் பாதை முடிந்தபின் ஒரு மணி நேரம். இளைஞர் பக்கம் பக்கமாக எழுத விரும்பினர். நன்றி என்று தொடங்கியவர் சிலர், மூன்றாம் வரியிலேயே உறவினர் மீதுள்ள மனத்தாங்கலுக்குப் போய்விட்டனர். கைம்பெண்ணான மூதாட்டி ஒருவர் ஏழு வரி மட்டும் எழுதினார். பிறந்த ஆண்டு, திருமணம், மூன்று பிள்ளைகளின் பிறப்பு, ஒரு பிள்ளையின் இறப்பு, கணவர் இறப்பு. உணர்வுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆய்வாளர் எண்ணியிருந்தால் சுழியம் போட்டிருப்பார்.

படித்துக் காட்டச் சொன்னபோது, அவர் தாளைப் பாராமலே பேசத் தொடங்கினார். இறந்த அந்தப் பிள்ளை நான்கு வயதில், திருப்பலி நடுவே, பீடத்தைப் பார்த்துக் கையசைத்த கதையைச் சொன்னார். சொல்லும்போதே சிரித்தார், கண்ணீரும் வழிந்தது. கணவர் வேலையிழந்த ஆண்டில், அடுத்த வீட்டார் கேட்காமலே நெல் கொணர்ந்து இறக்கியதைச் சொன்னார். நாங்கள் வீடு திரும்ப நெடுநேரமாயிற்று. "இதையெல்லாம் ஏன் எழுதவில்லை, பாட்டி?" என்று ஓர் இளைஞன் கேட்டான். "எழுதுகிற காரியமா தம்பி இது? ஆண்டவருக்குத் தெரியுமே" என்றார்.

ஆயினும் அவர் அத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சென்றார். இப்போது அதன் மறுபக்கத்தில், பேத்தியின் உதவியோடு, கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவருகிறார். நெல் வந்த ஆண்டு வரை வந்திருக்கிறதாம்.