வீடே லத்தீன் பேசியது!

"எங்கே, மாமாவுக்கு ரெண்டு வார்த்தை பிரெஞ்சுல பேசிக் காட்டு பார்க்கலாம்!" வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிள்ளையை இப்படி ஒருமுறையாவது நெளியவிட்டிருப்பீர்கள். நமக்கோ அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஃபீஸ் கட்டியாச்சு, அதோடு நம் கடமை முடிந்தது!

அப்படி நினைக்காத ஒரு அப்பா 16-ம் நூற்றாண்டு பிரான்ஸில் இருந்தார். பெயர் பியர் எய்கெம். போர்தோ நகருக்குக் கிழக்கே மோந்தேன் என்கிற ஊரில் அவருக்கு மாளிகை. மீனும் ஒயினும் விற்றுப் பணக்காரரான குடும்பம். இளம் வயதில் இத்தாலியில் போருக்குப் போய்வந்தவர். பெரிய படிப்பாளி கிடையாது. ஆனால், படித்தவர்களைக் கண்டால் அவருக்கு அப்படியொரு பக்தி!

1533-ல் மகன் மிஷேல் பிறந்தான். சட்டம், மருத்துவம், சர்ச் எதுவானாலும் அன்றைக்கு லத்தீன் வேண்டும். பிள்ளைகள் வருஷக்கணக்காகப் பிரம்படி வாங்கி இலக்கணம் உருப்போட்டார்கள். 'பழைய ரோமானியன் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தானா? தாய்மொழியாகத்தானே பேசினான்?' என்று விவரமானவர்கள் சொல்லப் போக, பியருக்குப் பொறி தட்டியது.

ஜெர்மனியிலிருந்து ஒரு ஆசிரியரை வரவழைத்தார். லத்தீனில் புலி. பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. அதுதான் வேண்டும்! கொழுத்த சம்பளம், துணைக்கு இன்னும் இரண்டு பேர். குழந்தைக்குப் பேச்சே வராத நிலையில் அவர் கையில் ஒப்படைத்தார்.

ஆசிரியர் வைப்பது யாருக்கும் முடியும், காசுதான் வேண்டும். அதற்கு மேல் பியர் செய்ததைக் கேளுங்கள். வீட்டில் ஒரு சட்டம் போட்டார். குழந்தை முன்னால் அப்பா, அம்மா, வேலைக்காரன், வேலைக்காரி யாராக இருந்தாலும் லத்தீனில்தான் வாயைத் திறக்கணும். தெரிந்தது நாலு வார்த்தை என்றால் அந்த நாலு போதும்! தப்பும் தவறுமாகப் பேசிப் பேசியே அப்பாவும் அம்மாவும் ஓரளவு லத்தீன் கற்றுக்கொண்டார்கள். அது பக்கத்து கிராமங்களுக்கும் பரவி, சில தொழிலாளிகளுக்கும் கருவிகளுக்கும் லத்தீன் பெயரே நிலைத்துவிட்டது.

ஆறு வயதில் மிஷேலுக்கு லத்தீன் தண்ணி பட்ட பாடு. பிரம்பும் அழுகையும் இல்லாமலே! அவனோடு லத்தீனில் பேசப் பெரிய பண்டிதர்களே தயங்கினார்களாம். ஆனால், சொந்த ஊர் பாஷை அவனுக்கு அரபி மாதிரி. இது மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பெற்ற பிள்ளையைத் தன் மொழியில் கொஞ்ச முடியாத அந்த அம்மா பாவம் இல்லையா?

அப்புறம்? யோசனை சொன்னவர்கள் பக்கத்தில் இல்லாமல் போக, பியருக்குப் பயம் வந்துவிட்டது. ஊரோடு ஒத்துப்போவோம் என்று, போர்தோவில் இருந்த பிரபலமான கீயென் கல்லூரியில் ஆறு வயதிலேயே சேர்த்துவிட்டார். சில வகுப்புகளைத் தாண்டிக் குதிக்க முடிந்ததுதான் மிச்சம். அங்கே போனதும் என் லத்தீன் கெட்டுப்போனது என்று பின்னாளில் மிஷேலே எழுதிவைத்தார். கிரேக்கத்தையும் விளையாட்டாகவே கற்றுத்தரப் பார்த்தார் அப்பா. ஒட்டவில்லை. அந்த மொழியை வீட்டில் யார் பேசினார்கள்?

அந்தப் பையன்தான் கட்டுரை இலக்கியத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடுகிற மோந்தேன். 1580-ல் வெளியான அவருடைய கட்டுரைகள் லத்தீனில் இல்லை, பிரெஞ்சில்!

லத்தீனில் பேசி, எழுதி நாற்பது வருஷமாகிறது என்று வயதான காலத்தில் சொன்னார் மோந்தேன். ஆனாலும் திடீர் அதிர்ச்சி என்றால் அடிவயிற்றிலிருந்து வருவது அதுதானாம். நன்றாக இருந்த அப்பா ஒருநாள் சட்டென்று மயங்கி அவர் மேலேயே சாய்ந்தார். பதறிப்போன மகனின் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தைகள், லத்தீன்.