செங்கம் ரோடு எங்கே போகிறது?

எங்கள் திருவண்ணாமலையில் 'செங்கம் சாலை' என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. போர்டில் அப்படி எழுதியிருக்கலாம். ஆட்டோ ஏறும்போது, "அண்ணே, செங்கம் ரோடு, ரமணாசிரமம் போவணும்" என்றுதான் சொல்வோம். போளூர் ரோடு, வேட்டவலம் ரோடு, அவலூர்பேட்டை ரோடு எல்லாம் அப்படியே. கவனித்தால், ஒவ்வொன்றும் இன்னொரு ஊரின் பெயர். ரோடு என்றால் ஊரைவிட்டு வெளியே போவது.

கோயிலைச் சுற்றி அந்தச் சொல் செல்லாது. தேர் வருவது மாட வீதியில். 'மாட ரோடு' என்றால் சிரிப்பார்கள். ஜனங்கள் குடியிருப்பது தெருவில். தை மாதம் சுவாமியும் அம்மனும் ஊடிக்கொள்வதும் திருவூடல் தெருவில்தான்.

ஆங்கிலத்திலும் 'ரோடு' வெளியே போன சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் குதிரைச் சவாரி. 'ரைடு' அதன் உறவு. சவாரி போகும் தடத்துக்கே அது பெயரானது 16ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில். கப்பல் நங்கூரமிடும் கடலுக்கும் அதே சொல். துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக் கரைக்கு அப்பால் கப்பல்கள் நின்ற இடம் 'மெட்ராஸ் ரோட்ஸ்'.

வெள்ளைக்காரன் வருமுன் நம்மிடம் ரோடு இல்லையா? இருந்தது. பெயர் பெருவழி. தர்மபுரிப் பக்கம் கிடைத்த 'அதியமான் பெருவழி' கற்களில் தூரம் காதக் கணக்கில் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் குழிகளும் உண்டு: பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று.

'சாலை' கதை வேறு. முதலில் அது கூடம். பாடசாலை, அறச்சாலை எல்லாம் அந்த வழி வந்தவை. பிறகு இருபுறமும் மரம் நிற்கும் வழிக்கும் அந்தப் பெயர் வந்தது. நிழல் இருந்தால்தான் சாலை.

அதனால்தான் 2016-ல் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது பலருக்கு வலித்தது. எதிர்ப்பு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வண்டிக்கு வேண்டியது அகலம். வெறுங்காலில் மலையைச் சுற்றுகிறவருக்கு வேண்டியது நிழல். ரோடு, சாலை, பாதை மூன்றும் ஒன்றுதானே என்று அகராதி பார்த்துச் சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் நடந்து பார்த்தவர் சொல்லமாட்டார்.