ஹெல்ப், எய்ட், சப்போர்ட்... எல்லாமே ‘உதவி’தானா? எதை எங்கே சொல்லணும்?

‘ஹெல்ப் என்றால் உதவி’ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நம்மில் பலர் நிறுத்திவிடுகிறோம். அதனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் சரி, வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு மெசேஜ் அனுப்பும்போதும் சரி, அந்த ஒரே சொல்தான் வருகிறது. ஆனால், தமிழில் உதவி, ஒத்தாசை, துணை, மீட்பு, நிவாரணம் என்று இடம் பார்த்துத்தானே பேசுகிறோம்? ஆங்கிலத்திலும் அப்படித்தான். எது எங்கே பொருந்தும்? பார்க்கலாம்.

ஹெல்ப் - அசிஸ்ட்: என்ன வித்தியாசம்?

‘ஹெல்ப்’ பொதுவான சொல். பை தூக்குவதில் இருந்து உயிரைக் காப்பாற்றுவது வரை எதற்கும் சொல்லலாம். ‘அசிஸ்ட்’ அப்படி இல்லை. முக்கிய வேலையை இன்னொருவர் செய்கிறார், நீங்கள் பக்கத்தில் இருந்து ஒத்தாசை செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஆபரேஷன் செய்பவர் சர்ஜன், கூட நிற்பவர் அசிஸ்ட் பண்ணுகிறார். கால்பந்தில் கோல் அடித்தவருக்குப் பந்தைக் கொடுத்தவரின் கணக்கில் எழுதுவதும் ‘அசிஸ்ட்’தான்.

ரெஸ்யூம் எழுதும்போது இதில் கவனம் தேவை. ஒரு வேலையை நீங்களே முன்னின்று முடித்திருந்தால் ‘அசிஸ்டட்’ என்று போடாதீங்க. உங்கள் பங்கை நீங்களே குறைத்துச் சொன்னதாகிவிடும். ‘லெட்’ அல்லது ‘மேனேஜ்ட்’ என்று எழுதலாம்.

சப்போர்ட்: செய்வது மட்டுமல்ல, நிற்பதும்!

கீழே இருந்து தாங்குவது என்பதுதான் ‘சப்போர்ட்’ என்ற சொல்லின் லத்தீன் வேர்ப்பொருள். நம் ‘துணை’, ‘ஆதரவு’ இரண்டுக்கும் நெருக்கமான சொல். வேலை போன நண்பரிடம் ‘ஐ வில் ஹெல்ப் யூ’ என்றால், பணமோ வேலையோ ஏற்பாடு செய்யப்போகிறீர்கள் என்று அவர் எதிர்பார்ப்பார். உங்களால் முடிந்தது கூட இருப்பது மட்டும்தான் என்றால், ‘ஐ ஆம் ஹியர் ஃபார் யூ’ என்பதே நேர்மையான வார்த்தை.

எய்ட்: அமைப்புகள் தரும் உதவி

பணம், பொருள், பயிற்சி பெற்றவர்களின் சேவை என்று வரும்போது ‘எய்ட்’. முதலுதவிக்கு ஃபர்ஸ்ட் எய்ட், அரசு உதவி பெறும் பள்ளிக்கு எய்டட் ஸ்கூல் என்கிறோம்.

இதில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ‘லீகல் எய்ட்’, அதாவது இலவச சட்ட உதவி. 1976-ல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு இதை வலியுறுத்துகிறது. 1987-ல் இதற்காகத் தனிச் சட்டமும் வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பு இல்லாமலே இதைப் பெறலாம். உதவி எண்: 15100.

விமானிகள் ஆபத்தில் மூன்று முறை சொல்லும் ‘மேடே’யும் இந்த ‘எய்ட்’டுக்குச் சொந்தம்தான்! ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியில் இருந்து, 1920-களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி மாக்ஃபோர்ட் இதை உருவாக்கினார். மே 1-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரெஸ்க்யூ - ரிலீஃப்: மாற்றிச் சொன்னால் ஆபத்து

2015 சென்னை வெள்ளத்தில் ஏராளமானோர் சமூக வலைதளங்களில்தான் உதவி கேட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ‘நீட் ஹெல்ப்’ என்று மட்டும் போட்டால், படகு அனுப்புவதா, பால் பாக்கெட் அனுப்புவதா என்று பார்ப்பவருக்குப் புரியாது.

* உயிருக்கு ஆபத்து, வெளியே கொண்டுவர வேண்டும் என்றால்: ரெஸ்க்யூ (மீட்பு)
* பத்திரமாக இருக்கிறோம், சாப்பாடு, தண்ணீர், மருந்து வேண்டும் என்றால்: ரிலீஃப் (நிவாரணம்)

கூடவே எத்தனை பேர், எந்த மாடி, முதியவர்களோ குழந்தைகளோ இருக்கிறார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவசரத்துக்கு 112-ஐ அழைக்கலாம்.

இழப்பு நடந்த பிறகு இன்னும் இரண்டு சொற்கள் காதில் விழும். ‘எக்ஸ்கிரேஷியா’ என்பது சட்டப் பொறுப்பை ஏற்காமல் தரும் கருணைத் தொகை. ‘காம்பன்சேஷன்’ என்பது இழப்பீடு. முன்னதை வாங்கிவிட்டோம் என்பதாலேயே பின்னதைக் கேட்க முடியாது என்று நினைக்க வேண்டாம். சட்ட ஆலோசனை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உதவி செய்வதற்கு முன்னாடி...

சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பார்வையற்றவரின் கையைச் சட்டென்று பிடித்து இழுக்கக் கூடாது. அவர் பஸ்ஸுக்காகக்கூட நின்றுகொண்டிருக்கலாம். ‘வுட் யூ லைக் சம் ஹெல்ப்?’ என்று முதலில் கேளுங்கள். ‘நோ, தேங்க்ஸ்’ என்றால் விட்டுவிடுங்கள். ‘யெஸ்’ என்றால், ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்?’ என்று அடுத்த கேள்வி. என்ன உதவி வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.